யாரும் சாகாத நாளில் வீணை

நவம்பர் 14, செவ்வாய்

வெள்ளிவிழா மலருக்கு நிலையத்தின் வரலாற்றை யாராவது எழுத வேண்டும் என்று டைரக்டர் சொன்னதும் அறிவிப்பாளர்கள் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். நான் சீக்கிரமாகப் பார்வையைத் திருப்பிவிட்டேன். மாட்டிக்கொண்டேன். "மச்சாடு, உங்களுக்குத்தான் கடற்கரை ஊரெல்லாம் அத்துப்படி" என்றார், என் குடும்பப் பெயரைச் சொல்லி. தெரிந்தவர்களுக்குத்தான் எப்போதும் தண்டனை.

ஆகவே ஒரு வாரம் ஒத்தப்பனையில் வாசம். எங்கள் ஸ்டுடியோ டவுனில் இருக்கிறது. அங்கே நாங்கள் பேசுவது தொலைபேசிக் கம்பி வழியாக இங்கே வந்து, இங்குள்ள டிரான்ஸ்மிட்டரில் பெருகி, கோபுரம் வழியாகக் கடல் தாண்டிப் போகிறது. இத்தனை வருடம் இதில் பேசியிருக்கிறேன், என் குரல் புறப்படும் இடத்தை இன்றுதான் பார்த்தேன். சுற்றிலும் உப்பளம். நடுவே ஒரு மேடு. மேட்டில் ஒரு பெரிய கட்டடம், விருந்தினர் அறை, கோபுரம். டவுனுக்குப் போக ஓடைமேல் ஒரே ஒரு தரைப்பாலம்.

இங்கே இருப்பவர்கள் இரண்டு பேர். பொறியாளர் நீலமேகம் சார். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான். காவலாள் பேச்சிமுத்து, சமையலும் அவர்தான். மற்றவர்கள் முறை வைத்து டவுனிலிருந்து வந்து போகிறார்கள்.

ஓர் அதிசயம் எழுதாமல் தூங்க மாட்டேன். இங்கே கம்பி வேலி பேசுகிறது. கோபுரத்தின் சக்தி துருப்பிடித்த முடிச்சுகளில் புகுந்து அப்படி முணுமுணுக்கிறதாம். காது கொடுத்தால் வேளாண் செய்தி கேட்கிறது. பத்து வருடமாக ஊரார் காதில் நான் ஓதியதற்குப் பழிவாங்கல் போலிருக்கிறது. இங்கே ரேடியோவை அணைக்க முடியாது.

நவம்பர் 15, புதன்

வரலாறு சேகரித்தேன். நீலமேகம் சார் பேச ஆரம்பித்தால் அவரை அணைக்கவும் முடியாது.

நிலையம் முதலில் ஒரு கருவாட்டு வியாபாரியின் மாடியில், வாடகைக்கு, சின்ன டிரான்ஸ்மிட்டரோடு ஆரம்பித்ததாம். பக்கத்துத் தாலுகாவுக்குக் கேட்டால் அன்றைக்குப் பாயசம். பிறகு கப்பலில் இந்தப் பெரிய டிரான்ஸ்மிட்டர் வந்தது. கோபுரம் எழும்பியதும் அது மழையைத் தடுக்கிறது என்று உப்பளக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள், விவசாயிகள் மனுக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் பினாங்கிலிருந்தும் நேயர் கடிதம் மூட்டை மூட்டையாக வந்தது. இத்தனை காலத்தில் ஒலிபரப்பு நேரத்தில் ஒருநாள்கூட நிலையம் ஓய்ந்ததில்லை. இதைச் சொல்லும்போது சார் எழுந்து நின்றுவிட்டார். மலரின் தலைப்பே அதுதான், ‘ஓயாத குரல்’.

வீணைப் பழக்கத்தைப் பற்றியும் எழுதச் சொன்னார். பெரிய தலைவர் யாராவது இறந்தால், டெல்லியிலிருந்து உறுதியான செய்தி வரும்வரை நாங்கள் எதையும் சொல்லக்கூடாது. நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு வீணை போடுவோம். ஜனங்களுக்கு அது போதும். நேரமில்லாத நேரத்தில் வீணை கேட்டால் கடைக்காரன் ஷட்டரை இறக்குவான், பஸ் நிற்கும். எங்கள் கரையில் வள்ளம் ஒன்றும் கடலில் இறங்காது. பெரிய சாவன்றைக்கு வலை போட்டால் கடல் கொடுக்காது என்பார்கள். அந்த ரீல்களை ஸ்டுடியோவில் வைக்க இடமில்லாமல் இங்குள்ள இரும்பு பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

மழை பிடித்திருக்கிறது.

நவம்பர் 16, வியாழன்

நாள் முழுக்க மழை. முறைக்கு வரவேண்டிய ஆட்கள் வரவில்லை. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறதாம். போய்ப் பார்த்தேன். பாலம் எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை.

நவம்பர் 17, வெள்ளி

இன்றும் அப்படியே. துவைத்தது எதுவும் காயவில்லை. சோறு, புளிக்கரைசல், அப்பளம். அப்பளமும் நமுத்துவிட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் வந்து நின்று, எங்களை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

வானிலை அறிக்கையில் வடக்கே போகும் புயல் என்று சொன்னார்கள். நம் கரைக்கு ஒன்றுமில்லை. சொன்னது என் தோழி குரல்தான், வேலியில் கேட்டேன்.

எங்கள் ஊர் சிலுவைத்துறை இங்கிருந்து பார்த்தால் தெரியும், மழை விட்டால். கோயில் கோபுரம்கூடத் தெரியும் என்றார் பேச்சிமுத்து. நான் பார்க்கப் போகவில்லை. தம்பி கஸ்பார்மேல் எனக்குக் கோபமெல்லாம் கிடையாது. போன மாதம் மூன்று நாள் நான் புயல் எச்சரிக்கை வாசித்தேன். ஊரே தொழிலுக்குப் போகாமல் கிடந்தது, கடல் தட்டில் ஊற்றிய பால்போல் அசையாமல் இருந்தது. நாலாம் நாள் அவன் என் ஹாஸ்டல் வாசலுக்கு வந்து, எல்லாப் பெண்களும் கேட்க, "ஒங்க ரேடியோவுக்குக் கடல் தெரியுமாக்கா, இல்ல காயிதந்தான் தெரியுமா?" என்றான். எழுதித் தந்ததைத்தானே வாசிக்கிறேன் என்றேன். "அதத்தான் நானும் கேக்கேன்" என்று போய்விட்டான். அதற்குப் பிறகு எனக்கு ஊருக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அவனுக்கு இருபத்து மூன்று வயது. அம்மா போனபிறகு நான்தான் வளர்த்தேன். அது வேறு கதை.

நவம்பர் 18, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும்.

காலையில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. வராந்தாவில் சேலையை விரித்துக்கொண்டிருந்தேன். வேலியில் சினிமாப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தது நின்றது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு வீணை.

ஈரச் சேலையோடு அப்படியே டிரான்ஸ்மிட்டர் ஹாலுக்குள் ஓடினேன். நீலமேகம் சார் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு சார்?"

"யாருன்னா?"

"யாரு தவறிட்டாங்க?"

"யாரும் தவறலையே. ஸ்டுடியோ லைன் அத்துப் போச்சு, போனும் வேலை செய்யல. காத்துல ஒண்ணுமில்லாமக் கெடந்துது. பீரோவத் தெறந்து ஒரு ரீலைப் போட்டேன். நல்லாத்தான வாசிக்காரு?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூன்று நாள் முன்புதான் அந்தப் பழக்கத்தை எனக்கு விளக்கிச் சொன்ன அதே மனிதர். அவருக்கு அது வரலாறு, வேலை அல்ல. வேலை என்றால் மீட்டரில் முள் ஆட வேண்டும்.

"ஊரு முழுக்க இப்ப யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சிருக்கும் சார்."

டீ கிளாஸைக் கீழே வைத்தார். முகம் கறுத்துவிட்டது.

"வேற ரீல் போடுங்க."

"எல்லாம் அதுதாம்மா. வீணையத் தவிர ஒண்ணுமில்ல."

"அப்ப மைக்கக் குடுங்க. யாருக்கும் ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்தை சொல்லிருதேன்."

ஹாலில் சோதனைக்கு ஒரு மைக் உண்டு. அவர் அதன் முன்னால் போய் நின்றுகொண்டார். "டைரக்டர் உத்தரவில்லாம இங்கேருந்து ஒரு சொல்லு போகக்கூடாது. என் சர்வீஸ்ல போனதில்ல."

"அப்ப நிறுத்துங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் கோபுரத்தைச் சாய்க்கச் சொல்லியிருக்கலாம். ஆகவே வீணை தொடர்ந்தது. ஒரு ரீல் முடிந்ததும் அடுத்த ரீல். வேலியில் வீணை, ஜன்னல் கம்பியில் வீணை. எங்கே போய் நின்றாலும் விடவில்லை.

உப்பளத் தொழிலாளர் குடியிருப்புக்கு அரிசி வாங்க இடுப்பளவு தண்ணீரில் போயிருந்த பேச்சிமுத்து, மத்தியானம் தலையில் பையோடு திரும்பினார். அங்கே சிலுவைத்துறையிலிருந்து ஒரு மீன் வியாபாரி மேட்டு வழியாக நடந்து வந்திருந்தானாம்.

"கடை பூரா சாத்தியாச்சும்மா. பஸ்ஸும் ஓடல. யாருன்னுதான் தெரியல, ஆளுக்கொரு பேரச் சொல்லுதாவ. ஒரு கெழவி ரெண்டு மந்திரியக் கொன்னுட்டா. சிலுவைத்துறையில கறுப்புக் கொடி கட்டி, வள்ளம் எல்லாத்தயும் கரையேத்திட்டாவளாம்."

வெட்கமாக இருந்தது. எத்தனை வீட்டில் அடுப்பு எரியாது இன்று. மறுபடி சாரிடம் போய்ச் சண்டை போடலாம் என்று எழுந்தேன். அவர் மூலையில் இருந்த ரிசீவரைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டிருந்தார். கையைக் காட்டி என்னை நிற்கச் சொன்னார். கடலுக்கு அந்தப் பக்கத்து ரேடியோ. புயல் திசை மாறிவிட்டது, மேற்கே இந்தியக் கரையை நோக்கி வருகிறது, இன்றிரவு கடக்கும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இரவு கடக்கும் இடம் நாங்கள்தான்.

"சொல்லணும் சார்."

"அந்நிய நாட்டு ரேடியோ சொன்னத நாம எப்படிம்மா சொல்றது? நம்ம வானிலை ஆபீஸ் சொல்லணும்."

"அவங்க சொல்றதுக்குக் கம்பி எங்க இருக்கு?"

அப்புறம்தான் யோசித்தேன். மைக் கிடைத்தாலும் என்ன சொல்வேன்? புயல் வருகிறது, போகாதீர்கள். போன மாதமும் இதே வாய்தான் சொன்னது. ஒருத்தரும் நம்பமாட்டார்கள். ஏற்கனவே மூன்று நாள் மழையில் தொழில் இல்லை. சாயங்காலம் கொஞ்சம் வெளுத்தால் முழு ஊரும் வலையைத் தூக்கும். கறுப்புக் கொடி இருக்கிறவரை யாரும் இறங்கமாட்டார்கள்.

உட்கார்ந்தேன். "சார், ரீல் முடியப் போகுது. அடுத்ததப் போடுங்க" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் போனுக்கு உயிர் வந்தது. டைரக்டர், எங்கிருந்தோ கத்துகிறார். யாரும் இறக்கவில்லை என்று உடனே அறிவிக்க வேண்டும், மெட்ராஸிலிருந்து கேள்வி மேல் கேள்வி வருகிறது. புயலைப் பற்றி சார் சொல்ல ஆரம்பித்தார். "அது ஒங்க வேலை இல்ல" என்பது எனக்கே கேட்டது. லைன் மறுபடி போய்விட்டது.

சார் பெருமூச்சு விட்டு மைக்கை என் பக்கம் திருப்பினார். "உத்தரவு வந்துட்டு. சொல்லுங்க."

"எனக்குத் தொண்டை கட்டியிருக்கு சார்."

"மச்சாடு அம்மா."

"புயல் கரைக்கு வர்ற வரைக்கும் கட்டியிருக்கும். நீங்க வேணா பேசுங்க."

மைக்கின் முன்னால் போய் நின்றார். வாயைத் திறந்தார். மூடினார். உலகத்தின் பாதிக்குக் கேட்கிற யந்திரத்தைக் கட்டி ஆள்கிறவருக்கு ஒரு ‘வணக்கம்’ வரவில்லை. திரும்பி வந்து ரீலை மாற்றினார். "லைன்ல தெளிவாக் கேக்கலன்னு எழுதிருதேன்" என்றார். அந்த நிமிடம் அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது. இருவரும் டீ குடித்தோம். எங்கள் கரை முழுவதும் பத்திரமாகக் கரையேறிக் கிடக்கிறது என்று எனக்குள் ஒரு கர்வம்கூட வந்தது. எழுதவே கூசுகிறது.

பேச்சிமுத்து கிளாஸ் எடுக்க வந்தபோது சும்மா கேட்டு வைத்தேன், மீன் வியாபாரி எங்கள் ஊரைப் பற்றி வேறு ஏதாவது சொன்னானா என்று.

"ஒரே ஒருத்தன் மட்டும் கேக்காம கட்டுமரத்தத் தள்ளிட்டுப் போயிட்டானாம்மா, தனியா. சின்னப் பய. ஊர்க்காரங்க மறிச்சதுக்கு, ‘வீணையெல்லாம் கணக்குல்ல, எங்கக்கா வாயால சொல்லாம எவனும் சாகல’ன்னானாம். அவனுக்கு அக்கா ரேடியோவுல..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

நான் வாயால் சொன்னால்தான் நம்புவானாம், போயிருக்கிறான். ஹாஸ்டல் வாசலில் அப்படிக் கேட்டவன். நான் இங்கே தொண்டை கட்டி உட்கார்ந்திருக்கிறேன்.

வெளியே போய்ப் பார்த்தேன். கோபுரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகள் கூவ ஆரம்பித்திருந்தன. கடல் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. அவன் எப்போதும் ஓலைப்பெட்டியில் பிளாஸ்டிக் சுற்றி டிரான்சிஸ்டர் கொண்டுபோவான். என் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது.

"சார், நான் பேசப் போறேன். எழுதினது இல்ல, உத்தரவும் இல்ல. உத்தரவு வந்தது ஒண்ணுக்கு, நான் சொல்லப் போறது ரெண்டு. எந்தம்பி கடல்ல இருக்கான்."

நீலமேகம் சார் என்னையே பார்த்தார். "ஜெனரேட்டருக்கு டீசல் பாக்கணும். வர நேரமாகும்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

பழகின வார்த்தைகள்தான் முதலில் வந்தன. வணக்கம், நிலையத்தின் பெயர். காலையிலிருந்து நீங்கள் கேட்ட வீணை எங்கள் தவறு. யாரும் இறக்கவில்லை. ஆனால் புயல் நம் கரைக்குத் திரும்பிவிட்டது. இன்று இரவு வருகிறது. யாரும் கடலுக்குப் போகாதீர்கள். இதை எனக்கு யாரும் எழுதித் தரவில்லை.

அதற்கு மேல் அந்தத் தமிழ் வரவில்லை. "கஸ்பாரு, அக்கா பேசுதேன். கேக்கியால? போன மாசம் நாஞ் சொன்னது பொய்யாப் போச்சு, ஒத்துக்கிடுதேன். இது பொய்யில்ல. வலைய அறுத்து விட்டுட்டு மரத்தத் திருப்பு ராசா. அக்கா சொல்லுதேன், திருப்பு." திரும்பத் திரும்ப இதையே சொன்னேன். பினாங்கு வரைக்கும் கேட்டிருக்கும், எனக்குக் கவலையில்லை. ஒருத்தனுக்குக் கேட்டால் போதும். அழுதேனா என்று நினைவில்லை. சார் பிறகு அழுதேன் என்றார்.

இருட்டும் நேரத்துக்கு ஹாலில் மீட்டர் முட்கள் எல்லாம் ஒன்றாகப் படுத்தன, ஒலிபரப்பு நின்றது.

நவம்பர் 19, ஞாயிறு

கோபுரம் விழுந்துவிட்டது. கூரை பாதி இல்லை. மூவரும் உயிரோடு இருக்கிறோம்.

நவம்பர் 20, திங்கள்

வேலி பேசவில்லை. அதைக் கேட்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. சுற்றிலும் தண்ணீர்தான், எது ஓடை எது உப்பளம் என்று தெரியவில்லை. கஞ்சி வைத்தோம். நீலமேகம் சார் விழுந்து கிடக்கும் கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை.

பேச்சிமுத்துவை ஊர்ப்பக்கம் போய் விசாரிக்கச் சொன்னேன். கழுத்தளவு தண்ணீர்வரை போய்த் திரும்பிவிட்டார். நான் போகிறேன் என்றதற்கு இருவரும் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். நான் சத்தம் போட்டேன். அவர்கள் விடவில்லை.

நவம்பர் 21, செவ்வாய்

ஒன்றும் தெரியவில்லை. ஜெபமாலை சொல்லலாம் என்றால் பாதியில் எங்கே நின்றேன் என்று மறந்துவிடுகிறது.

நவம்பர் 22, புதன்

கஸ்பார் வந்தான்.

தண்ணீரில் நடந்து, தலையில் தூக்குவாளியோடு. முதலில் யாரோ உப்பளக்காரன் என்று நினைத்தேன். மேட்டில் ஏறியபின் நடையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நெற்றியில் கட்டு, ஒரு கண் வீங்கியிருக்கிறது. நான் அவனை அடித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு கட்டிக்கொண்டேன். தூக்குவாளியில் மீன்குழம்பு. கொட்டிவிடாதே என்றுதான் முதல் வார்த்தை சொன்னான்.

அவன் சாப்பிடாமல் நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் பேசினதக் கேட்டியால?"

"இல்லக்கா."

"ரேடியோ?"

"கரையத் தாண்டும்போதே நனஞ்சு போச்சு. ஒண்ணும் கேக்கல. மீனு நல்லாப் பட்டுதுக்கா, நான் பாட்டுக்குப் போயிட்டே இருந்தேன்."

"அப்ப எப்படித் திரும்புன?"

அவன் தரையைப் பார்த்தான். நான் கை கழுவாமலே உட்கார்ந்திருந்தேன்.

"தொம்மை மாமா வந்தாரு."

தொம்மை மாமா எங்கள் அடுத்த வீடு. அப்பா இருந்த காலத்தில் அப்பாவோடு தொழிலுக்குப் போனவர், அப்பாவுக்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலில் தினமும் ஒரு மீன் வைத்துவிட்டுப் போனவர். இருமிக்கொண்டு, ஊரில் எல்லோரையும் வைதுகொண்டு இருப்பார். வள்ளம் சொந்தம். கோயில் முற்றத்தில் எல்லோரும் ரேடியோவைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். என் குரல் கேட்டதும் யாரும் நகரவில்லையாம். மாமா மட்டும், "பிள்ள அழுதா. கேட்டுட்டு நிக்கியளே" என்று சொல்லிவிட்டு வள்ளத்தைத் தள்ளச் சொல்லியிருக்கிறார். கூட ரெண்டு பேர். சாயங்கால வெளிச்சத்தில் கஸ்பாரைத் தேடிப் பிடித்து வள்ளத்தில் ஏற்றிவிட்டார்கள். கரைக்கு வரும்போது அலை உடையும் இடத்தில் வள்ளம் கவிழ்ந்தது. மூன்று பேர் நீந்திக் கரையேறினார்கள்.

"மாமா?"

"நேத்து வரைக்கும் தேடுனோம்."

நான் ஒருவனைக் கூப்பிட்டேன். இன்னொருவர் வந்திருக்கிறார். ஊர் முழுவதையும் கரையில் நிறுத்திவைக்க அத்தனை நேரம் வாயை மூடியிருந்தவள், திறந்ததும் ஒருவரைக் கடலுக்கு அனுப்பினேன்.

"நீ கூப்பிட்டது மாமாவுக்குக் கேட்டுருச்சுக்கா" என்றான் கஸ்பார். குறை சொல்லவில்லை. ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னான்.

நவம்பர் 27, திங்கள்

டவுன். டைரக்டர் அறையில் விசாரணை. அவருக்கே எப்படி நடத்துவது என்று தெரியவில்லை. வள்ளங்கள் கரையில் நின்றது நிலையத்தால்தான் என்று பத்திரிகையில் வந்துவிட்டது. மெட்ராஸிலிருந்து பாராட்டுத் தந்தி. வீணை போட்டதற்குத் தண்டனை கொடுத்தால் தந்தியை என்ன செய்வது? ஆகவே வீணை ‘தொழில்நுட்பக் கோளாறு’ ஆகிவிட்டது. நான் பேசியது மட்டும்தான் குற்றம்.

"சொந்த விஷயத்துக்கு அரசாங்க ரேடியோ. ஒங்களுக்கே தெரியும் இதுக்கு என்ன அர்த்தம்னு."

"தெரியும் சார்."

"வேலை இருக்கு. இந்த ஒரு தடவை. இனிமே எழுதின எழுத்துக்கு வெளிய ஒரு சொல் வரக்கூடாது. வந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

சரி என்றேன். கஸ்பாரின் கட்டுமரமும் வலையும் போய்விட்டன. என் சம்பளம்தான் இப்போது இரண்டு பேருக்கு. மலருக்கு ‘ஓயாத குரல்’ என்ற தலைப்பை மாற்ற வேண்டாமா என்று கேட்டேன். கோபுரம் விழுந்ததைக் கடைசிப் பக்கத்தில் சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

டிசம்பர் 6, புதன்

தற்காலிகமாக ஒரு சிறிய கோபுரம் நட்டுப் பழைய சின்ன டிரான்ஸ்மிட்டரை ஓட்டுகிறார்கள். நீலமேகம் சார் போனில், "நம்ம சத்தம் இப்ப கரையத் தாண்டினா பெரிசும்மா" என்றார். பேசிக்கொண்டே இருந்துவிட்டுச் சட்டென்று வைத்துவிட்டார். திங்கள் காலையிலிருந்து எனக்கு முறை போட்டிருக்கிறார்கள்.

டிசம்பர் 10, ஞாயிறு

சிலுவைத்துறை போனேன். இத்தனை நாள் போகாததற்கு என்னென்னமோ காரணம் எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன். பயம்தான்.

தொம்மை மாமா வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். மதலேன் மாமி உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உடல் கிடைக்காததால் இறந்தோர் பூசை வைக்க மாமி ஒத்துக்கொள்ளவில்லை என்று கஸ்பார் சொல்லியிருந்தான். பங்குச் சாமியார் இரண்டு தடவை வந்து பேசிப் பார்த்துவிட்டாராம். ஜன்னலில் மாமாவின் ரேடியோ. எங்கள் நிலையம்தான், இரைச்சலோடு, உச்சச் சத்தத்தில்.

"வா செலஸ்தி" என்றாள் மாமி. திட்டுவாள் என்று தயாராக வந்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோறு போட்டாள். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். மாமி அழவில்லை.

ரேடியோவின் சத்தத்தைக் குறைக்கப் போனேன்.

"தொடாத."

கையை எடுத்துக்கொண்டேன்.

"எங்கயாவது ஒதுங்கியிருந்தாவன்னா, யாராவது காப்பாத்தி வச்சிருந்தாவன்னா, ரேடியோ கேப்பாவ. காலைல ஒங்குரலக் கேக்காம அவிய கடல்ல இறங்குனதில்ல. இவ்வளவு நாளா நீ பேசவே காணும்."

"நாளைலேர்ந்து பேசுதேன் மாமி."

மாமி முறத்தைக் கீழே வைத்தாள். "ஒந்தம்பியக் கூப்பிட்டியே. அப்பிடி அவியளயும் ஒருக்கா கூப்பிடு."

என் வேலையைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். எழுதித் தந்ததற்கு மேல் பேசக்கூடாது, பேசினால் கஸ்பாருக்கும் எனக்கும் சோறில்லை, கோபுரமும் சின்னது, கரைக்கு அப்பால் கேட்காது, கேட்கிற இடத்தில் மாமா இல்லை. எல்லாம் நியாயமான காரணங்கள். மாமி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கிறேன் மாமி என்றேன்.

அந்த வீட்டை விட்டு வெளியே வந்த பிறகும் ரேடியோ தெருமுனைவரை கேட்டது.

டிசம்பர் 11, திங்கள்

காலை ஒலிபரப்பு. கையில் எழுத்துப் பிரதி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டரே வந்து நின்றிருந்தார். வணக்கம் சொன்னேன், நிலையத்தின் பெயர் சொன்னேன், தேதி சொன்னேன். அடுத்தது பக்திப் பாடல்கள் என்று எழுதியிருந்தது.

காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

"தொம்மை மாமா, செலஸ்தி பேசுதேன். மாமி ஒங்களத் தேடுதா. வீட்டுக்கு வாங்க" என்று கூப்பிட்டேன்.